ஏலக் கொட்டகையின் பின்சுவர்

காரைக்கால்மேட்டில் செல்லத்தோடு சேர்ந்து டவுனுக்கு நடந்து போக யாரும் அவ்வளவாக விரும்ப மாட்டார்கள். வழியில் இருக்கிற ஒவ்வொரு போர்டுக்கும் நிற்பாள்.

"அண்ணி, சைக்கிள் கடைக்காரன் 'வாடகை'யில 'ட'வை எப்படி ஒடிச்சுப் போட்டிருக்கான் பாருங்க. நாற்காலி மாதிரி இருக்கு."

அண்ணி லோகாம்பாளுக்குத் தலையில் கூடை கனத்துக்கொண்டிருக்கும். மீன் வாடிக்கொண்டிருக்கும். "நாற்காலின்னா ஏறி உக்காந்துக்கடி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிடுவாள்.

செல்லம் எட்டாவது வரைக்கும் படித்தவள். ஊரில் பால்வாடி திறந்தபோது டீச்சர் வேலை அவளுக்குக் கிடைத்தது. சிலேட்டில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் தூங்கின. அதனால் எல்லாரையும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வரிசையாகத் தெருவுக்கு அழைத்துப் போவாள். சோடாக் கடைத் தகரத்தில் 'சோ'. பலசரக்குக் கடையில் 'ப'. பீடி விளம்பரத்துக்கு வரும்போது முதல் எழுத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். கரையில் ஏற்றிப் போட்ட படகுகளின் மூக்கில் மற்ற எழுத்தெல்லாம் கிடைத்துவிடும். டவுனுக்குப் போனால் வீதி மூலைகளில் நீல எனாமல் தகடுகள். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரன் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்பாள். சாராயக் கடை போர்டுகள் மட்டும் தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துத் திரும்பி நிற்பதையும் முதலில் கவனித்துச் சொன்னவள் அவள்தான்.

நீலகண்டனை அவள் கட்டிக்கொண்டதும் ஓர் எழுத்தால்தான்.

எழுபத்து நாலில் அவள் அண்ணன் கருப்பையன் புதுப் படகு இறக்கினான். பெயர் எழுதக் கோட்டுச்சேரியிலிருந்து பெயிண்டர் வந்தான். ஒல்லியான ஆள், காதில் பென்சில். 'காளியம்மன் துணை' என்று எழுதினான். படகுக்குப் படகு ஒரு துணை இருக்கிற ஊர்தான் அது. ஆனால் அவன் போட்ட 'ணை' போல செல்லம் எங்கும் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் பழைய எழுத்து. 'ணை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே ஏறி இறங்கும். அவன் அந்தத் தும்பிக்கையின் நுனியை லேசாகச் சுருட்டி, நத்தை ஓடு போல முடித்திருந்தான். மதியச் சோறு எடுத்து வந்தவள் சட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"என்ன பாக்குறீங்க, தப்பா இருக்கா?"

"இல்லைங்க. நுனியை ஏன் சுருட்டுனீங்க?"

அவன் பிரஷ்ஷைத் துடைத்தபடி அவளைப் பார்த்தான். "இத்தனை வருசமா எழுதுறேன், ஒருத்தரும் கேட்டதில்லை" என்றான்.

கடல் தெரியாதவன், வேற சாதிக்காரன் என்று ஊரில் பெரிய சண்டை. கருப்பையன் ஒரு மாதம் தங்கையோடு பேசவில்லை. கடைசியில் அவன்தான் முன்னால் நின்று கட்டி வைத்தான். நீலகண்டன் கோட்டுச்சேரியை விட்டுக் காரைக்கால்மேட்டுக்கே குடி வந்தான். ஊரில் யாரும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் நடந்தால் அவன் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அது அவனுக்கு எவ்வளவு வலித்தது என்று செல்லத்துக்குத் தெரியும். இரண்டொரு தடவை அண்ணனிடம் சொல்லியும் பார்த்தாள். "ஊர் வழக்கம்மா, நான் என்ன பண்ண?" என்றான் கருப்பையன்.

வருஷங்கள் போயின. குழந்தை பிறக்கவில்லை. நாகூருக்குப் போனார்கள், வேளாங்கண்ணிக்குப் போனார்கள், தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் நாள் முழுக்க அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் அவரவர் அம்மா வந்து தூக்கிப் போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் மீன் ஏலக் கொட்டகையின் பின்சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் வந்தது. சர்க்கார் வேலை; நீலகண்டனுக்குத்தான் கிடைத்தது. பெரிய சிவப்பு முக்கோணம், தலைகீழாக. பக்கத்தில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், எல்லாரும் சிரித்த முகமாக. ஊர்ப் பெண்கள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செல்லம் திருப்பிக்கொண்டது வேறு காரணத்துக்கு. படம் முடிந்த அன்றைக்கு நீலகண்டன் அவளிடம் மெதுவாகச் சொன்னான்: "நீ அந்தப் பக்கம் வராதே செல்லம். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கோயில் வழியா சுத்திப் போ."

அவள் அப்படியே செய்தாள். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் அந்தச் சுவருக்கு மறுபடி வண்ணம் பூச உத்தரவு வந்தது. நீலகண்டன் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். வேலை இழுத்துக்கொண்டே போக, ஒருநாள் செல்லம் டீ எடுத்துக்கொண்டு போனாள். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவன் கீழே குந்தி உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில் சின்ன பிரஷ்ஷால் ஏதோ செய்துகொண்டிருந்தான்.

"இன்னும் என்னங்க இருக்கு?"

"பார்டர் போடுறேன். கொடி மாதிரி. நீ போ, வெயில்ல நிக்காத."

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏலக் கொட்டகைக்கும் குடிசைகளுக்கும் நடுவில் ஒரு திடல் இருந்தது. சர்க்கார் புறம்போக்கு. நெத்திலியும் சூடை மீனும் காயப் போடுவது அங்கேதான். வலை விரித்துக் கிழிசல் பார்ப்பதும் அங்கேதான். அது போனால் ஊரில் பாதிப் பெண்களுக்குப் பிழைப்பு போச்சு. அந்தத் தை மாதமே, ஐஸ் கம்பெனி வைக்கப்போகிறவர் என்று வெளியூர் முதலாளி ஒருவர் ஜீப்பில் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். சர்பத் குடித்தார், போனார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் ஒரு காலை, லாரி நிறையக் கல்லுக்கால்கள் வந்து இறங்கின. கூடவே ஜீப்பில் ஓர் அதிகாரி. கருவாடு காயப் போட்டிருந்த பெண்கள் லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான் கருப்பையன்.

"யாரைக் கேட்டு வேலி போடுறீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான்" என்றார் அதிகாரி. "ஐஸ் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போறோம், ஆட்சேபணை இருந்தா ஒரு மாசத்துக்குள்ள சொல்லுங்கன்னு இந்த இடத்திலேயே எழுதி வச்சிருக்கு. ஒருத்தரும் வாயைத் திறக்கலையே?"

"எங்க எழுதி வச்சீங்க? இந்த ஊர்ல ஒரு புது எழுத்து விழுந்தா என் தங்கச்சி கண்ணுக்குத் தப்பாது. செல்லம்! நீ பாத்தியா?"

கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. "இல்லண்ணே" என்றாள் உறுதியாக.

அதிகாரி ஏலக் கொட்டகையைச் சுற்றி நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். சிவப்பு முக்கோணத்துக்குக் கீழே கையைக் காட்டினார். "இதோ."

பச்சைப் பட்டையில் கரும்பச்சைக் கொடி ஒன்று சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஓடியது. நின்று பார்த்தால் கொடிதான். செல்லம் முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். கொடி எழுத்தாக மாறியது. ஒவ்வொரு எழுத்தின் வாலும் அடுத்த எழுத்தின் தலையில் போய்ச் சேர்ந்திருந்தது. சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை. அவள் வாய்விட்டுப் படித்தாள். "இதனால்... சகலருக்கும்... அறிவிப்பது..." திடலின் அளவு வந்தது. கம்பெனி பெயர் வந்தது. 'ஆட்சேபணை' என்ற சொல் வந்தது. அவள் குரல் அங்கே நின்றுபோனது.

தும்பிக்கை மேலே ஏறி, நுனியில் நத்தையாகச் சுருண்டிருந்தது.

"என்னடி, மேல படி" என்றாள் லோகாம்பாள்.

"அவ்வளவுதான் அண்ணி" என்று எழுந்தாள்.

பெண்கள் லாரியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அதிகாரி, "வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு. உங்க குறையை அவர்கிட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் கல்லுக்கால் நட மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பையன் சட்டையை மாட்டிக்கொண்டு டவுனுக்கு ஓடினான். பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரான ஆந்த்ரே அங்கே இருந்தார். பிரெஞ்சுக்காலச் சட்டமும் தெரியும், இந்தக் காலச் சட்டமும் தெரியும்; மீன்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாசகம் சரியா இருக்குன்னு வச்சுக்க. அப்ப நீ படிக்காதது உன் தப்புன்னுதான் சொல்வாங்க. யாரும் படிக்கக் கூடாதுன்னே எழுதினதுன்னு காட்டணும். அதுக்கு எழுதினவன் யாருன்னு தெரியணும், கருப்பையா. அவன் ஒத்துக்கணும், இல்லாட்டி அவன் கையெழுத்து தெரிஞ்ச ஒரு ஆள் வந்து சொல்லணும்."

மத்தியானம் நீலகண்டன் சைக்கிளில் வந்து இறங்கியபோது பாதி ஊர் அவன் வீட்டு வாசலில் நின்றது.

"ஏங்க பெயிண்டர், அந்தச் சுவத்துல எழுதினது நீங்கதானா?" என்று கேட்டான் கருப்பையன்.

"படம் நான் போட்டது. ஊருக்கே தெரியும்."

"கீழ இருக்கிற எழுத்து?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆபீஸ்லேருந்து வேற ஆள் வந்து எழுதியிருப்பான். எனக்கு அதுல என்ன வேலை?" சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். கைகாலைக் கழுவினான்.

கருப்பையன் தங்கையின் பக்கம் திரும்பினான். "செல்லம், உனக்குத்தான் எழுத்து தெரியும். நீ சொல்லு. இது அவர் கைதானா?"

நீலகண்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிந்து வைத்திருக்கிற பார்வை.

"நான் சரியாப் பாக்கலண்ணே" என்றாள் செல்லம்.

கூட்டம் கலைந்தது. அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள், சோறு வடித்தாள், போட்டாள். அவன் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு கவளம் போனதும் அவள் கேட்டாள்.

"நான் டீ கொண்டாந்த அன்னிக்கு எந்தச் சொல்லு எழுதிக்கிட்டு இருந்தீங்க?"

அவன் கை தட்டில் நின்றது. மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுக்க வேண்டும் என்றுகூட ஒரு மூலையில் ஆசைப்பட்டாள்.

"ஞாபகம் இல்லை" என்றான். பிறகு, "ஆர்டர் கொடுத்தாங்க, எழுதினேன். ஒரு சொல்லை விடலை, ஒரு புள்ளியை விடலை. அதுல பொய் ஒன்னும் கிடையாது."

"யாரு அப்படி எழுதச் சொன்னது? கொடி மாதிரி?"

"முதலாளி. பஸ் ஸ்டாண்டுல கம்பெனி போர்டு வருது செல்லம். காரைக்கால்லயே அம்மாம் பெரிய போர்டு கிடையாது. நாகூர்லேருந்து தரங்கம்பாடி வரைக்கும் அவங்க போர்டெல்லாம் எனக்குத்தான். இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? ஏழு வருசமா வேலிக்கு வெளியில நிக்கிறேன். இவங்க திடலுக்காக நான் எதுக்கு அழணும்?"

அதில் ஞாயம் இருந்தது. அந்த ஞாயத்தை அவள் மறுக்கவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது.

"எழுதினீங்க, சரி. திடலுக்குப் பக்கத்துல எத்தனை சுவர் இருக்கு. எதுக்கு அந்தச் சுவர்?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"சொல்லுங்க."

"வேற எங்க எழுதினாலும்," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு பொடியா எழுதினாலும், நீ படிச்சிருப்பே."

செல்லம் எழுந்து போய்ப் பானைத் தண்ணீரில் முகம் கழுவினாள். மறுபடி கழுவினாள். தஞ்சாவூர் டாக்டர் வீட்டு வாசலில் அவள் அழுதபோது இவன்தான் தோளில் சாய்த்துக்கொண்டான். பிள்ளை இல்லாத வலியை அவள் வேறு யாரிடமும் திறந்து காட்டியதில்லை. காட்டிய ஒரே ஆள் அதை அளந்து வைத்திருக்கிறான். எந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்ளுவாள் என்று பார்த்து வைத்து, அங்கே போய் உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறான். அவள் கையால் கொடுத்த டீயையும் குடித்திருக்கிறான்.

"நீ வெளியில சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றான் பின்னாலிருந்து. "இன்னிக்கே காப்பாத்திட்டே. வெள்ளிக்கிழமையும் அதையே சொல்லு. போதும்."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவளுக்குப் பிற்பாடும் தெளிவாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் ஏலக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பெனி ஆட்கள் ஜீப் அருகே நின்றார்கள். அவர்களோடு நீலகண்டனும், சலவை மடிப்புக் கலையாத சட்டையில். ஆந்த்ரே மனுவைப் படித்தார். எழுதினது யார் என்று ஆபீசர் கேட்டார். கம்பெனி ஆட்கள் தெரியாது என்றார்கள்; ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியுங்க" என்று செல்லம் முன்னால் வந்தாள்.

கருப்பையன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான். "வேணாம்மா. உன் வாழ்க்கை" என்றான் காதோடு. கையை விடுவித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் எழுதினதுங்க. நீலகண்டன். பெயிண்டர்."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துலதாங்க நின்னேன். சுவத்தைப் பாக்கல."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

"எங்க அண்ணன் படகுல 'துணை'ன்னு எழுதியிருக்கார். சுவத்துல 'ஆட்சேபணை'ன்னு எழுதியிருக்கார். ரெண்டையும் வந்து பாருங்க. படகுல அவர் எழுதினதை நடுக்கடல்லேருந்து படிக்கலாம். சுவத்துல எழுதினதை மண்டி போட்டாத்தான் படிக்க முடியும். ரெண்டும் ஒரே கைதாங்க."

ஆபீசர் எழுந்து போய்ப் பார்த்தார். படகின் மூக்கைப் பார்த்தார். பிறகு பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் குந்தினார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து நீலகண்டனைக் கூப்பிட்டு, "உன் எழுத்தா?" என்று கேட்டார். நீலகண்டன் செல்லத்தைப் பார்த்தான். "காட்டிக் குடுத்துட்டியே" என்றான், நிஜமாகவே ஆச்சரியப்பட்டவன் மாதிரி.

நோட்டீஸ் செல்லாது என்று உத்தரவானது. கொட்டகை முகப்பில், வெள்ளைத் தகரத்தில், கறுப்புப் பெயிண்டில், வேறோர் ஆள் வந்து அறிவிப்பைப் புதிதாக எழுதினான். ஊர் முழுக்க ஆட்சேபணை சொன்னது. ஐஸ் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டு போனது. அது தெரிந்த அன்றைக்குப் பெண்கள் செல்லத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். லோகாம்பாள் அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

நீலகண்டன் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. நாகப்பட்டினத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வைகாசியில் ஒருநாள் சாமான்களை எடுத்துப்போக வந்தான். ஏணியைச் சைக்கிளில் கட்டினான். பெயிண்ட் டப்பாக்களைச் சாக்கில் போட்டான். வாசல்படியில் நின்றுகொண்டு, "அங்க வீடு பாத்திருக்கேன். வர்றியா?" என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"இந்த ஊரு உன்னைத் தூக்கி வச்சுக்கும்னு நினைக்கிறியா?"

"உங்க சாக்கு ஓட்டையா இருக்கு. கீழ கட்டிக்கங்க" என்றாள். அவன் சாக்கைக் கட்டிக்கொண்டு போனான்.

ஆடி பிறந்தது. அம்மன் திருவிழாவுக்கு ஊர்வரி வாங்க ஆரம்பித்தார்கள். வரி கொடுத்த வீடுதான் ஊரில் உள்ள வீடு. தேர் அந்த வாசலில்தான் நிற்கும். பிரசாதம் அங்கேதான் போகும். செல்லம் குளித்து, பணத்தை வெற்றிலையில் வைத்து, வாசலில் காத்திருந்தாள். மேளத்தோடு நாலு பேர் வந்தார்கள். உண்டியல் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது கருப்பையன்.

பக்கத்து வீட்டில் நின்றார்கள், வாங்கினார்கள். அவள் ஓரடி முன்னால் வைத்தாள். மேளம் அவள் வாசலைத் தாண்டிப் போனது.

"அண்ணே!"

கருப்பையன் நின்றான். திரும்பவில்லை. கூட வந்த பெரியவர் ஒருவர்தான் பதில் சொன்னார்: "ஊருக்குத் துரோகம் பண்ணவன் வீடும்மா இது. கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு. ஒரு வருசத்துக்கு வாங்கறதில்ல."

"கூட்டத்துல எங்க அண்ணன் இருந்தாரா?"

"இருந்தாரே."

"ஒன்னும் சொல்லலையா?"

பெரியவர் கருப்பையனைப் பார்த்தார். கருப்பையன் பானையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

திருவிழா அன்று இருட்டுகிற நேரத்தில் லோகாம்பாள் கொல்லைப்புறமாக வந்தாள். முந்தானைக்குள் ஒரு கிண்ணத்தில் பிரசாதம், மாவிளக்கு மாவு. "அவரு மனசு கேக்கலடி. குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றாள்.

"வாசல் வழியா வாங்க அண்ணி, வாங்கிக்கிறேன்."

லோகாம்பாள் வேலிப் பக்கம் பார்த்தாள், தெருப்பக்கம் பார்த்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கிண்ணத்தை மறுபடி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"அடுப்பை அணைக்காம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி வந்த வழியே போனாள்.